அப்பாவின் துண்டு

என் அப்பாவின் முழங்கைகளிலிருந்து வெள்ளிச் செதில்கள் உதிர்ந்த காலத்தில், ஒட்டிக்கொள்ளும் என்று அஞ்சி அவருடைய துண்டைத் தனிக் கொடியில் உலர்த்திய உறவினர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். அது சொரியாசிஸ் என்ற தோல்நோய், தொற்றுநோய் அல்ல என்று அன்று எடுத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

இயல்பான தோலின் அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் திட்டுகளில் சில நாட்களிலேயே அப்பயணம் முடிந்துவிடுவதால், முதிராத செல்கள் செதில்களாகக் குவிகின்றன. இந்த அவசரத்தின் பின்னணியில் எல்எல்-37 என்ற சிறு புரதத்துக்கு இருக்கும் பங்குதான் என்னை மிகவும் வியக்க வைத்தது. கிருமிகளை எதிர்க்கத் தோல் சுரக்கும் அப்புரதம், சிதைந்த செல்களின் டிஎன்ஏவுடன் பிணைந்து நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிடுகிறது. நோயாளிகள் பலரின் டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள் அந்தக் காவலனையே பகைவனாகக் கருதித் தாக்குகின்றன. அவை வெளியிடும் இன்டர்லூகின்-17 என்ற சமிக்ஞைப் புரதம், தோல் செல்களை மேலும் விரைந்து பெருகச் செய்கிறது.

இந்நோய்க்கான ஆபத்தைக் கூட்டும் மரபணுக்களில் முதன்மையானது, 6ஆம் குரோமோசோமில் உள்ள, நோயெதிர்ப்போடு தொடர்புடைய எச்எல்ஏ-சி மரபணுவின் 06:02 வடிவம். காயமுற்ற தோலைச் சீரமைப்பதில் பங்குகொள்ளும் எல்சிஇ3பி, எல்சிஇ3சி ஆகிய மரபணுக்கள் இல்லாதிருப்பதும் ஆபத்தைக் கூட்டுகிறது என்று 2009இல் தெரியவந்தது. ஆயினும் 06:02 வடிவத்தைப் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு இந்நோய் வருவதேயில்லை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைத் தொற்று, தோல் காயம், சில மருந்துகள் போன்ற ஏதோவொன்று அதைத் தூண்ட வேண்டியிருக்கிறது. அப்பாவுக்கும் கடுமையான தொண்டை வலிக்குப் பிறகே முதல் புள்ளிகள் தோன்றின.