நாண்

வீசுகோல் நாணில் விழுந்ததும் வில்லில் கட்டியிருந்த மணி அத்தனையும் ஒண்ணாச் சிலிர்த்துது.

எங்க ஊர் சுடலைமாடன் கோயில் கொடை. வில்லுப்பாட்டுக்கு முன்னால நானும் அண்ணன் மகளும்.

பாட்டுக்காரர் தண்ணி குடிக்க நிறுத்தினார். நாண் இன்னும் அதிர்ந்துகிட்டே இருந்துச்சு. விளக்கு வெளிச்சத்துல அது கோடாத் தெரியல, லேசாப் பருத்த நிழலாத் தெரிஞ்சுது. உள்ளங்கைய வச்சார். திரும்பவும் கோடாயிட்டு.

"சித்தப்பா, நீங்க சொன்ன இழைக் கோட்பாடு இதுதானா?"

இதேதான் தாயி. எலக்ட்ரான், குவார்க்குன்னு பொருளுக்கெல்லாம் அடிப்படையான துகள்கள் எல்லாம் ஒரே நுண்ணிழை வேற வேற மாதிரி அதிர்றதுதான்னு சொல்லுது. ஈர்ப்பு விசையும் அதுக்குள்ளயே தானா வந்துரும். சோதனையில இன்னும் நிரூபணம் ஆகல. ஆனாலும் எனக்கு அந்த அழகு போதும்.

அவகிட்ட இழைக் கோட்பாட்டு இயற்பியலாளர் அசோக் சென் பத்திச் சொன்னேன். கொல்கத்தாக்காரர். அமெரிக்காவுல முனைவர் பட்டம் வாங்கிட்டு, 1988-ல மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் திரும்பி வந்தவர். இழைகள் ஒண்ணையொண்ணு பலமாப் பாதிக்கிற நிலையில கணக்குப் போடவே முடியாது. அதுவும் மெலிசாப் பாதிக்கிற நிலையும் ஒண்ணுக்கொண்ணு கண்ணாடிப் பிம்பம் மாதிரின்னு 1994-ல வலுவான சான்று காட்டினார். தனித்தனியா நின்ன அஞ்சு இழைக் கோட்பாடும் ஒண்ணுதான்னு அடுத்த வருஷம் துறையே திரும்பினதுல அந்தக் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. 2012-ல 30 லட்சம் டாலர் பரிசு அவரைத் தேடி வந்தது, அப்போ அவர் வேலை பார்த்த அலகாபாத்துக்கு.

"இங்க இருந்துகிட்டேவா?"

இங்க இருந்துகிட்டேதான்.

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் எழுந்துபோய்ப் பாட்டுக்காரர்கிட்ட வீசுகோலைக் கேட்டா. சிரிச்சுக்கிட்டே கொடுத்தார்.