பழைய ஸ்ட்ரட், புது மரை: குறைந்த செலவில் முன்பக்க காயில்ஓவர்

காயில்ஓவர் என்றால் மரையில் ஏற்றி இறக்கி உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் தொகுதி. வண்டியோடு வந்த ஸ்ட்ரட்டைத் (முன்சக்கரத்துக்கு மேலே நிற்கும் ஷாக்-ஸ்பிரிங் தூணை) தூக்கிப் போடாமல், அதன் உடம்பிலேயே மரை போட்ட அலுமினிய ஸ்லீவை ஏற்றி, சின்ன விட்டமுள்ள நேர் ஸ்பிரிங்கை உட்கார வைப்பதுதான் இந்த வேலை. ஷாக் அப்சார்பர் பழையதே. அதனால்தான் செலவு குறைகிறது, தலைவலியும் அங்கிருந்துதான் வருகிறது. ஸ்ட்ரட்டில் எண்ணெய்க் கசிவு இருந்தால் இதைத் தொடவே வேண்டாம்.

வாங்கியவை: ஸ்லீவ் 2, காலர் வளையம் (ஸ்லீவின் மரையில் சுழன்று ஸ்பிரிங்கைத் தாங்கிப் பூட்டுவது) 4, ஸ்பிரிங் 2, மேல் தொப்பி 2, புது பம்ப் ஸ்டாப் (ஸ்ட்ரட் முழுதாக அமுங்கும்போது அடியைத் தாங்கும் மெத்தை) 2, டாப் மவுண்ட் (ஸ்ட்ரட்டின் மேல்முனையை வண்டி உடம்போடு பிணைப்பது) பேரிங் 2. ஸ்லீவை ஆர்டர் செய்யும் முன் ஸ்ட்ரட் உடம்பின் வெளிவிட்டத்தை வெர்னியரால் மூன்று இடங்களில் அளக்க வேண்டும். பெயின்டும் துருவும் சேர்ந்தே அரை மி.மீ. ஏமாற்றிவிடும்.

கணக்கை முதலில் போடுங்கள். முன் அச்சு எடையில் பாதி 340 கிலோ என்று வைப்போம். சக்கரம், பிரேக், நக்கிள் (சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பு) எல்லாம் 40 கிலோ போனால் ஸ்பிரிங் சுமப்பது 300. மெக்பர்சன் ஸ்ட்ரட்டில் சக்கரம் ஏறுவதும் ஸ்ட்ரட் அமுங்குவதும் ஏறக்குறைய ஒரே அளவு என்பதால் வேறு பெருக்கல் தேவையில்லை. ஸ்ட்ரட்டின் மொத்த ஓட்டம் (நீண்டு சுருங்கும் தூரம்) 150 மி.மீ., பழைய ஸ்பிரிங்கில் 50 அமுங்கி நின்றது என்றால், 30 இறக்கியதும் 80 அமுங்கி நிற்கும். மீதி 70. முழுக்க நசுங்கிய பம்ப் ஸ்டாப்புக்கே 20 போய்விடும். ஆக, பள்ளத்தில் விழும்போது கையிருப்பு 50 மி.மீ. மட்டுமே, முன்பு 80 இருந்தது. 30 மி.மீ.க்கும் அதிகமாக இறக்க ஆசைப்படுகிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

இனி ஸ்பிரிங். மி.மீ.க்கு 5 கிலோ ஸ்பிரிங் 60 அமுங்கும். ஜாக்கில் தூக்கினால் ஸ்ட்ரட் 80 நீளும், ஸ்பிரிங் 60தான் நீளும், 20 மி.மீ. தொளதொளவென்று ஆடும். பழைய ஷாக் அந்த விறைப்பை அடக்கவும் திணறும், வண்டி துள்ளும். 4 கிலோ என்றால் 75 அமுங்கும், தொளதொளப்பு 5 மி.மீ.தான். ஆனால் முழு அமுக்கத்தில் 75 + 50 = 125 வேண்டும். 200 மி.மீ. ஸ்பிரிங் சுருளோடு சுருள் ஒட்டும் நீளம் 75 என்றால் சரியாக 125தான் கிடைக்கும், மிச்சமே இல்லை. சுருள்கள் மோதினால் டாப் மவுண்ட் உடையும். அதனால் 4 கிலோவில் 225 மி.மீ. நீளத்தைத் தேர்ந்தேன். ஒட்டும் நீளம் 85, 15 மி.மீ. மிச்சம் நிற்கிறது. பதிலுக்குக் காலர் 25 மி.மீ. கீழே இறங்கி டயரை நெருங்கும். மிச்ச 5 மி.மீ. தளர்வை மெல்லிய உதவி ஸ்பிரிங்கால் நிரப்பலாம். அது நசுங்கிய பிறகும் பிடிக்கும் தடிமன் அளவுக்குக் காலர் இன்னும் இறங்கும். கேபிள் டை கட்டி ஸ்பிரிங்கை நிறுத்துவது ஏமாற்று வேலை.

கழற்றுவது பழகிய வேலை. நக்கிள் போல்ட் இருக்கும் இடத்தைக் கீறி அடையாளமிடுங்கள். ஸ்டெபிலைசர் லிங்க்கை (வண்டி சரிவதைக் குறைக்கும் கம்பியின் இணைப்பை) இரண்டு பக்கமும் விடுவியுங்கள். நக்கிளைக் கம்பியால் கட்டுங்கள். அது வெளியே சாய்ந்தால் டிரைவ் ஷாஃப்டின் உள் ஜாயிண்ட் பிரிந்துவிடும், பிரேக் ஹோஸும் இழுபடும். ஸ்பிரிங் கம்ப்ரசரால் அமுக்கி, ஸ்பிரிங் இருக்கையில் தளர்ந்து ஆடிய பிறகே நடு நட்டை முழுதாகக் கழற்ற வேண்டும்.

ஸ்ட்ரட் உடம்பில் பற்றவைத்த பழைய ஸ்பிரிங் தட்டை அறுப்பதில்தான் ஸ்ட்ரட் சாகும். ஸ்ட்ரட்டின் குரோம் கம்பியை முழுதாக உள்ளே தள்ளி, வெளியே தெரியும் பகுதியை ஈரத்துணியால் சுற்றுங்கள். ஒரு தீப்பொறி குரோமில் ஒட்டினாலே சீல் கிழிந்து எண்ணெய் ஒழுகும். தட்டைத் துண்டு துண்டாக வெட்டி, வெல்டிங் தடத்தில் 2 மி.மீ. அளவுக்கு விட்டுவிடுங்கள், ஸ்லீவ் உட்காரும் படி அதுதான். தடம் சுற்றிலும் இல்லாமல் விட்டுவிட்டு இருந்தால் மட்டத்தைச் சரிபார்த்து ராவுங்கள், இல்லையேல் ஸ்லீவ் சாயும். உடம்பு சுட ஆரம்பித்தால் நிறுத்துங்கள். மூடிய ஸ்ட்ரட்டில் புதிதாக வெல்டிங் வைக்கவே கூடாது: உள்ளே எண்ணெயும் அழுத்த வாயுவும் இருக்கின்றன. கழுத்து நட்டைத் திறந்து உட்குழாயை வெளியே எடுக்கக்கூடிய வகை என்றால், எண்ணெயைச் சுத்தமாக வடித்த பிறகு செய்யலாம்.

அறுத்த இடத்துக்கு ப்ரைமர், மெழுகு. எஃகும் அலுமினியமும் ஈரத்தில் சேர்ந்தால் அரிப்பு பிடித்து, ஓராண்டில் ஸ்லீவை அசைக்க முடியாது. இடைவெளியை ஓ-ரிங்கால் நிரப்பினால் சத்தம் வராது.

மேல் தொப்பி பேரிங்கின் கீழே, அதோடு சேர்ந்து சுழல வேண்டும். பொருத்தியதும் ஸ்பிரிங்கிலும் தொப்பியிலும் ஒரே கோட்டில் பெயின்ட் புள்ளி வைத்து, ஸ்டியரிங்கை இரு கோடிக்கும் திருப்பிப் பாருங்கள். டொங்கென்று சத்தம் வந்து புள்ளிகள் விலகினால், பேரிங் சுழலவில்லை, ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு விடுபடுகிறது.

பலர் தவிர்க்கும் ஒரு சோதனை: ஸ்பிரிங் இல்லாமல் ஸ்ட்ரட்டை மாட்டி, சக்கரத்தையும் போட்டு, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, ஜாக்கால் லோயர் ஆர்மை (நக்கிளின் அடியை வண்டியோடு இணைக்கும் கையை) பம்ப் ஸ்டாப் வரை ஏற்றுங்கள். ஸ்டியரிங் நேராகவும் முழுத் திருப்பத்திலும் டயர் எங்கே உரசுகிறது என்று தெரிந்துவிடும். காலருக்கும் டயருக்கும் 6 மி.மீ.யாவது வேண்டும்.

ஆலையில் வந்த ஸ்பிரிங் பெரும்பாலும் சாய்வாக உட்கார்ந்திருக்கும். ஸ்ட்ரட் கம்பியில் விழும் பக்கவாட்டு விசையை ஈடுகட்டத்தான் அப்படி. நேர் ஸ்பிரிங்கில் அந்த உதவி போய்விடுவதால் கம்பிப் புஷ் சீக்கிரம் தேயும். விலை மலிவுக்கு இது வட்டி.

உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தால், டயர் காற்று வித்தியாசம் குழப்பாது. லோயர் ஆர்ம் படுக்கை மட்டத்தைத் தாண்டி சக்கரப் பக்கம் மேல்நோக்கிச் சாய்ந்தால் ரோல் சென்டர் (வளைவில் வண்டி சரியும் மையப்புள்ளி) வேகமாகத் தாழ்ந்து, விறைப்பான ஸ்பிரிங் இருந்தும் வளைவில் வண்டி அதிகம் சரியும். ஆர்ம் புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் நிற்கும்போதே இறுக்குங்கள். பிறகு வீல் அலைன்மென்ட், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கட்டாயம் மாறியிருக்கும். 100 கி.மீ. ஓடியபின் ஸ்பிரிங் சற்றே அமர்ந்திருக்கும். காலர்களை மறுபடி பூட்டி, டோவையும் ஹெட்லைட் குறியையும் இன்னொருமுறை பாருங்கள்.