டாலர் ஏறினால் தங்கம் இறங்குமா?

டாலர் ஏறினால் தங்கம் இறங்கும் என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன், எந்த நாட்டுப் பணத்தில் கணக்குப் பார்க்கிறோம் என்பதுதான் முக்கியம். 2013 ஆகஸ்ட் கடைசியில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியது. 2011-ல் 1,900 டாலரைத் தொட்ட ஓர் அவுன்ஸ் தங்கம் அப்போது 1,400 சொச்சம்தான், ஆனால் இந்தியாவில் அந்த வாரம்தான் அதுவரை இல்லாத உச்ச விலை, போதாததற்கு இறக்குமதி வரியையும் 10 சதவீதமாக்கியிருந்தார்கள். தங்கை கல்யாணத்துக்குச் சங்கிலி வாங்கப் போன அப்பா, “வெளியில இறங்கியிருக்குன்னு பேப்பர்ல போட்டிருந்தானே” என்று கடை விலைப் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். பாவமாக இருந்தது.

அப்புறம் பங்குகள், அங்கேயும் எல்லாம் ஒரே பக்கம் போகவில்லை. வங்கிப் பங்குகள் அடிவாங்கின, டாலரில் சம்பாதித்து ரூபாயில் சம்பளம் கொடுக்கும் டிசிஎஸ், இன்ஃபோசிஸ் மாதிரி ஐடி பங்குகள் அதே ரூபாய்ச் சரிவில் ஏறின.