கணக்கில் ஜெயித்த போர்: வியட்நாம் குறிப்புகள்

ஏப்ரல் 7, 2025, திங்கள்

இன்றோடு சரியாக 60 வருஷம். 1965 ஏப்ரல் 7 இரவு, பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் பேசினார். கம்யூனிஸ்ட் வட வியட்நாமை எதிர்த்து நிற்கும் தென் வியட்நாமின் சுதந்திரம்தான் குறிக்கோள், அமெரிக்காவுக்கென்று எதுவும் வேண்டாம், நிபந்தனையில்லாமல் பேசத் தயார் என்றார். மேக்கொங் படுகை வளர்ச்சிக்கு 100 கோடி டாலர் தருவதாகவும் சொன்னார்.

இதைத் தனியாகப் படித்தால் உருக்கமாகத்தான் இருக்கும். பக்கத்தில் இரண்டு காகிதங்களை வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். ஒன்று, பாதுகாப்புத் துறை உதவிச் செயலர் ஜான் மெக்நாட்டன் மார்ச் 24 அன்று எழுதிய குறிப்பு. போரின் நோக்கத்தை அவர் சதவீதம் போட்டுப் பிரித்திருக்கிறார். அவமானகரமான தோல்வியைத் தவிர்ப்பதற்கு 70. நாடு சீனாவின் கைக்குப் போகாமல் தடுப்பதற்கு 20. தென் வியட்நாம் மக்கள் சுதந்திரமாக, நன்றாக வாழ்வதற்கு 10. இரண்டே வாரத்தில், மேடையில் அந்தப் பத்து நூறாகிவிட்டது.

இரண்டாவது, பேச்சுக்கு முந்தின நாள், ஏப்ரல் 6 தேதியிட்ட ரகசிய உத்தரவு, எண் 328. தென் வியட்நாமில் டா நாங் விமானதளக் காவலுக்கென்று மார்ச் 8இல் இறங்கிய அமெரிக்க மரைன் படையினர் இனி தாங்களாகவே தாக்கவும் போகலாம் என்கிறது. இந்த மாற்றம் முன்கூட்டியே வெளியே தெரியக் கூடாது, ஏற்கெனவே உள்ள கொள்கையின் தொடர்ச்சியாகவே தோன்ற வேண்டும் என்றும் சொல்கிறது. ஜூன் 8இல் வெளியுறவுத் துறைச் செய்தித் தொடர்பாளர் விஷயத்தைப் போட்டு உடைத்தார். மறுநாளே வெள்ளை மாளிகை மறுத்தது.

ஏப்ரல் 9, புதன்

அறிவிக்கும் நேரத்திலும் ஒரு சாமர்த்தியம் உண்டு. 1965 ஜூலை 28. படைபலம் 75,000இலிருந்து 1,25,000ஆக உயரும் என்று ஜான்சன் சொன்னது, நாடே டிவி முன் உட்காரும் இரவில் அல்ல, பகல் நேரத்துப் பத்திரிகையாளர் சந்திப்பில். அதே சந்திப்பில் உச்ச நீதிமன்ற நீதிபதியாக ஏப் ஃபோர்ட்டஸ் பெயரையும் அறிவித்தார். ரிசர்வ் படையைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டால் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பெரிய விவாதம் வெடிக்கும். இரண்டு நாள் கழித்து, ஜூலை 30இல், முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர் சட்டத்தில் கையெழுத்து. அவர் எதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்பதை இந்த இரண்டு தேதிகளே சொல்லிவிடும். வருஷக் கடைசியில் அங்கே இருந்த அமெரிக்கத் துருப்புகள் சுமார் 1,84,000.

ஏப்ரல் 13, ஞாயிறு

பிணக் கணக்கு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முந்தைய போர்களில் வெற்றியை வரைபடத்தில் காட்டலாம், கோடு நகரும். வியட்நாமில் கோடே கிடையாது. காலையில் பிடித்த குன்றை மாலையில் விட்டுவிட்டு வந்தார்கள். அதனால் தலைவர்கள் மக்களுக்குக் காட்ட எண்கள் மட்டுமே மிஞ்சின. எதிரி ஆள் சேர்ப்பதைவிட வேகமாக அவன் ஆட்களைக் கொன்றால் ஒரு கட்டத்தில் தராசு சாயும் என்பது அங்கிருந்த அமெரிக்கப் படைகளின் தளபதி ஜெனரல் வெஸ்ட்மோர்லண்டின் கணக்கு. அந்தப் புள்ளியைப் பெரும்பாலான மாகாணங்களில் தாண்டிவிட்டோம் என்று 1967 ஏப்ரலில் ஜான்சனிடம் சொன்னார். நாம் படையைக் கூட்டினால் அவர்களும் கூட்ட மாட்டார்களா, இது எங்கே போய் முடியும் என்று ஜான்சன் திருப்பிக் கேட்டார். உள்ளே கேட்ட இந்தக் கேள்வி வெளியே எந்த மேடையிலும் வரவில்லை. வட வியட்நாமில் ஆண்டுக்குச் சுமார் 2 லட்சம் இளைஞர்கள் படைவயதை எட்டிக்கொண்டிருந்தார்கள்.

எண் மேலே ஏறும் வழி இது. காட்டுக்குள் இருக்கும் பிளட்டூன் வயர்லெஸ்ஸில் கம்பெனிக்குச் சொல்லும். அங்கிருந்து பட்டாலியன், பிரிகேடு, டிவிஷன், கடைசியில் தென் வியட்நாம் தலைநகர் சைகோனில் உள்ள தலைமையகம். அங்கே தினமும் மாலையில் நிருபர்களுக்கு வாசிப்பார்கள். அந்தக் கூட்டத்துக்கு நிருபர்கள் வைத்த பெயர் ‘அஞ்சு மணிக் கூத்து’.

ஓட்டை முதல் படியிலேயே இருக்கிறது. இரவில் பீரங்கி அடித்த இடத்துக்குப் போய்ப் பார்க்க ஆள் கிடையாது, இத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று ஊகம்தான் எழுதப்படும். ரத்தத் தடம் தெரிந்தாலும் ஒரு பிணம். ஒரே இடத்தில் ஹெலிகாப்டரும் தரைப்படையும் சுட்டிருந்தால் இரண்டு பேரும் தனித்தனியாகக் கணக்கு எழுதுவார்கள். செத்தவன் வியட்நாமியன் என்றால் அவன் வியட் காங்தான் (தென் வியட்நாமின் கம்யூனிஸ்ட் கொரில்லாப் படை) என்பது சிப்பாய்கள் நடுவே புழங்கிய பேச்சு. எண் பெரிதாக இருக்கும் அதிகாரிக்குப் பதவி உயர்வு சுலபம். இப்படி இருக்கும்போது எண் எதற்குக் குறையப் போகிறது?

சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு: கைப்பற்றிய துப்பாக்கிகளை எண்ணுவது. பிணத்தைப் போல அதை ஊகித்து எழுத முடியாது. 1968 டிசம்பரிலிருந்து 1969 மே வரை மேக்கொங் டெல்டாவில் 9ஆம் காலாட்படை டிவிஷன் நடத்திய ‘ஸ்பீடி எக்ஸ்பிரஸ்’ நடவடிக்கையில் கொல்லப்பட்ட எதிரிகள் 10,899 பேர் என்று எழுதினார்கள். கிடைத்த ஆயுதங்கள் 748. பதினான்கு பேருக்கு ஒரு துப்பாக்கி. மீதிப் பேர் யார்?

ஏப்ரல் 17, வியாழன்

கொன்ற எண்ணிக்கை ஏறினால் போதாது, மிச்சம் இருப்பவன் எண்ணிக்கை இறங்கவும் வேண்டுமே. சிஐஏ ஆய்வாளர் சாம் ஆடம்ஸ், பிடிபட்ட ஆவணங்களைப் புரட்டி, எதிரியின் பலம் ராணுவம் சொல்வதைவிட மிக அதிகம் என்று கண்டார். கிராமத் தற்காப்புப் படைகளையும் சேர்த்தால் 4,20,000க்கு மேல் போகும். பத்திரிகைகளுக்குச் சொல்லி வந்ததோ 2,99,000. 1967 ஆகஸ்ட் 20இல் சைகோனிலிருந்து துணைத் தளபதி கிரைட்டன் ஆப்ரம்ஸ் அனுப்பிய தந்தி ரொம்பவும் வெளிப்படை. இத்தனை மாதமாக வெற்றியின் தோற்றத்தைக் காட்டி வந்திருக்கிறோம், இந்த எண் வெளியே வந்தால் நிருபர்கள் சோர்வான, தவறான முடிவுக்கு வருவார்கள் என்கிறார். கடைசியில் தற்காப்புப் படைகளைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். கண்ணிவெடியும் மூங்கில் முள்குழியும் வைத்தவர்களில் பலர் அவர்கள்தான். அதில் கால் போன சிப்பாய் அமெரிக்கக் கணக்கில் வருவான், வைத்தவன் எதிரிக் கணக்கில் வர மாட்டான்.

ஏப்ரல் 18, வெள்ளி

நேற்று விட்டுப்போனது: எவ்வளவு பாதுகாப்பாக இருக்கின்றன என்று குக்கிராமங்களுக்கும் மார்க் போட்டார்கள். 1967இலிருந்து மாதாமாதம், 18 கேள்விகள் கொண்ட படிவம். ஏ முதல் ஈ வரை ஐந்து தரம், முழுக்க வியட் காங் கையில் இருந்தால் வி. தில்லுமுல்லு நடுவில் இருக்கிறது: சுமாரான சி தரத்தையும் ஏ, பி-யோடு கூட்டி ‘ஓரளவு பாதுகாப்பானது’ என்று ஒரே சதவீதமாகச் சொன்னார்கள். மேடைக்குப் போகும் வழியில் ‘ஓரளவு’ காணாமல் போய்விடும்.

ஏப்ரல் 24, வியாழன்

1967 நவம்பரில் வெஸ்ட்மோர்லண்டை வாஷிங்டனுக்கு வரவழைத்தார்கள். அரசியல்வாதி சொன்னால் நம்பாதவர்களும் சீருடை சொன்னால் கேட்பார்கள். 21ஆம் தேதி நேஷனல் பிரஸ் கிளப்பில், முடிவு கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிட்டது என்றார். பத்தே வாரம்தான் ஆகியிருந்தது, 1968 ஜனவரி 31 விடியுமுன் சைகோன் அமெரிக்கத் தூதரகத்தின் மதிலில் ஓட்டை போட்டு வியட் காங் படையினர் உள்ளே புகுந்துவிட்டார்கள்.

டெட் எனும் வியட்நாமியப் புத்தாண்டில் நடந்த இந்த டெட் தாக்குதலில் வியட் காங் பலத்த அடி வாங்கியது. ராணுவ ரீதியில் எங்களுக்குத்தான் வெற்றி என்று வெஸ்ட்மோர்லண்ட் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் மதிப்பிழந்த நோட்டை இத்தனை மாதம் புழக்கத்தில் விட்டவர்கள் இப்போது நல்ல நோட்டை நீட்டினாலும் வாங்க ஆளில்லை. மார்ச் 10இல் ராணுவம் இன்னும் 2,06,000 பேரைக் கேட்கிறது என்ற செய்தி நியூயார்க் டைம்ஸில் வந்தது. ஜெயித்தவனுக்கு எதற்கு இரண்டு லட்சம் பேர்? மார்ச் 31இல் ஜான்சன், இனி போட்டியிட மாட்டேன் என்றார்.

ஏப்ரல் 30, புதன்

சைகோன் விழுந்து இன்றோடு 50 வருஷம். அதற்குச் சரியாக ஐந்து வருஷம் முன்பு, 1970 ஏப்ரல் 30 இரவு, ஜான்சனுக்கு அடுத்து வந்த ஜனாதிபதி நிக்சன், கம்போடியாவுக்குள் படையை அனுப்புவது பற்றி டிவியில் அந்நாட்டு வரைபடத்தைக் காட்டிப் பேசினார். இது படையெடுப்பு அல்ல என்றார். நடுநிலை நாட்டின் எல்லையை மீற விரும்பாததால் ஐந்து வருஷமாக அமெரிக்கா அங்குள்ள எதிரி முகாம்களைத் தொடவில்லை என்றார்.

அமெரிக்காவின் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் அங்கே குண்டு போடத் தொடங்கி அப்போது 13 மாதம் ஆகியிருந்தது. ‘மெனு’ என்ற அந்த நடவடிக்கை 1969 மார்ச் 18இல் தொடங்கியது. 3,600க்கும் அதிகமான தடவை பறந்து, ஒரு லட்சம் டன்னுக்கு மேல் போட்டார்கள். விமானங்கள் தென் வியட்நாம் இலக்குகளுக்கென்றே கிளம்பும். அவற்றுக்கு வழிகாட்டும் பியென் ஹோவா ராடார் நிலையத்துக்குத் தனியாக ஒரு ஆள் மூலம் ஒரு உறை வரும், அதில் எல்லைக்கு அந்தப் பக்கத்து இலக்கு இருக்கும். குண்டு விழுந்தபின் அந்தத் தாள்களை எரித்துவிட்டு, பழைய இலக்கிலேயே போட்டதாக அறிக்கை எழுதுவார்கள். அங்கே பொறுப்பில் இருந்த மேஜர் ஹால் நைட் 1973இல் செனட் குழு முன் இதையெல்லாம் சாட்சியமாகச் சொன்னார்.

அதற்குச் சற்று முன்பு பென்டகன் (அமெரிக்கப் பாதுகாப்புத் துறை) அதே செனட் குழுவுக்குக் குண்டுவீச்சுப் பட்டியல் ஒன்றைக் கொடுத்திருந்தது. 1970 மே மாதத்துக்கு முன்னால் கம்போடியாவில் பி-52 தாக்குதல் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை.