சின்னசாமியில் எதற்கு மூன்று ஸ்பின்னர்?

பெங்களூரு சின்னசாமி ஸ்டேடியத்தில் 2024 அக்டோபரில் நடந்த டெஸ்ட்டை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. நியூசிலாந்துடனான ஆட்டம். முதல் நாள் மழையில் ஒரு பந்துகூட வீசவில்லை. மறுநாள் காலையிலும் அல்சூர் பக்கம் வெயிலைக் காணோம். சின்னசாமியில் தண்ணீரை உறிஞ்சும் குழாய் அமைப்பு இருக்கிறது, சரி. அதனால் காய்வது பிட்ச்சைச் சுற்றியுள்ள அவுட்ஃபீல்டுதான். கவருக்கு அடியிலேயே கிடந்த பிட்ச்சில் ஈரம் இருக்கத்தானே செய்யும்? அந்த ஈரம் வேகப்பந்துக்குத்தானே உதவும்?

வேகப்பந்து வீச்சாளர் ஆகாஷ் தீப்பை உட்கார வைத்துவிட்டு மூன்றாவது ஸ்பின்னராகக் குல்தீப்பைச் சேர்த்தார்கள். டாஸ் ஜெயித்து பேட்டிங்கும் எடுத்தார்கள். 46 ஆல் அவுட். நம் மண்ணில் இதுவரை இவ்வளவு குறைவாக நாம் சுருண்டதே இல்லை. ஐந்து பேர் ரன்னே எடுக்காமல் டக். பத்து விக்கெட்டும் வேகத்துக்கே: ஹென்றி 5, ஓ'ரூர்க் 4, சவுதி 1.

பிட்ச்சைத் தவறாகக் கணித்துவிட்டதாக அப்போதைய கேப்டன் ரோஹித்தே சொன்னார். அந்த நேர்மையை மதிக்கிறேன். அப்புறம் இரண்டாவது இன்னிங்ஸில் சர்ஃபராஸ் 150, பந்த் 99 என்று உயிரைக் கொடுத்து ஆடினார்கள். ஆனால் புதுப் பந்து வந்ததும் கடைசி 7 விக்கெட் 54 ரன்னுக்குள் போனது. 107 ரன் இலக்கை வைத்து யாரைத் தடுக்க முடியும்? பும்ரா, சிராஜோடு மூன்றாவதாக ஒரு வேகப்பந்து வீச்சாளர் அந்த பிட்ச்சுக்குக் கட்டாயம் வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்வேன்.