விடியற்காலை இரத்தம்: திருகோணமலை ஆய்வு நாட்குறிப்பு

பெப்ரவரி 10, 2025

நேற்று முற்பகல் நாடு முழுக்க மின்சாரம் போனதல்லவா, இன்று வேலைக்கு வந்ததும் முதலில் பார்த்தது ஆழ்குளிர்ப் பெட்டியைத்தான். ஜெனரேட்டர் காப்பாற்றிவிட்டது. இன்றைக்கும் வெட்டு உண்டாம். டீசல் போதுமா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டேன்.

அப்புறம் கிளினிக். மூதூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த அம்மாக்கள் நிறையப் பேர். நாரி நோ, கை உளைவு, போன வருடம் விழுந்து மணிக்கட்டு முறிந்தது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கதை. வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தோம். வந்து இறங்கியதும் வாசல் கடையில் ஒரு பிளேன்ரீயும் வடையும் எடுத்திருக்கிறார்கள். இருட்டோடு எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு வந்தவர்களிடம் எப்படிக் கோபப்படுவது? ஆனால் பத்தரை மணிக்கு, சாப்பிட்ட பிறகு எடுத்த இரத்தம், எலும்பு எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று பார்க்கும் என் ஆய்வுக்கு உதவாது.

நாங்கள் அளப்பது சி.டி.எக்ஸ். எலும்பு ஓயாமல் இடித்துக் கட்டப்படும் வீடு. இடிக்கும் கலங்கள் எலும்பின் புரதமான கொலாஜனை வெட்டும்போது தெறிக்கிற துகள்தான் சி.டி.எக்ஸ். எட்டு அமினோ அமிலம் நீளமான சின்னத் துண்டு. கட்டும் பக்கத்தில் மிஞ்சுவது பி1என்பி. சர்வதேச அளவில் ஒரே அளவுகோலாக இந்த இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று 2011இல் எலும்புநோய், ஆய்வுகூட வைத்திய அமைப்புகள் சேர்ந்து பரிந்துரைத்தன. இதில் சி.டி.எக்ஸ் விடியப்புறம் ஐந்து மணி வாக்கில் உச்சத்தில் இருக்கும், மதியம் தாண்டினால் அடிமட்டம். சாப்பாடு உள்ளே போனால் இன்னும் இறங்கும். ஒரே பெண்ணின் எலும்பு ஏழரைக்கு ஒரு எண்ணும் பதினொரு மணிக்கு வேறொரு எண்ணும் காட்டும். இரண்டும் உண்மை, ஒப்பிடத்தான் முடியாது.

பெப்ரவரி 12

குழுவோடு பேசினேன். அவர்களை இங்கே வரச் சொல்வதை நிறுத்தி நாங்களே போகிறோம். ஏழரைக்குள் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். சாரதி அண்ணை உடனே சரி என்றார். தாதி மிஸ்ஸி தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு யார் கொண்டுபோவது என்று யோசிக்கிறா. அதுவும் நியாயமான கேள்வி.

பெப்ரவரி 19

கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூர் போய்ச் சேரும்போது நன்றாக வெளிச்சமாகிவிட்டது. முதல் வீட்டில் அம்மா திண்ணையில் எங்களுக்காகவே காத்திருந்தா. "மகள், விடிஞ்சதில இருந்து தண்ணி மட்டும்தான் குடிச்சனான். கெதியா எடுத்துப்போட்டு என்னைத் தேத்தண்ணி குடிக்க விடுங்கோ." எடுத்த கையோடு குடிக்கச் சொன்னோம்.

ஊதா மூடிக் குழாய், அதாவது இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ போட்டது. அதில் சி.டி.எக்ஸ் சாதாரண சீரத்தை விட நன்றாகத் தாங்கும். மூதூர் வெயிலில் இது பெரிய ஆறுதல். ஆனாலும் ஐஸ் பெட்டியில் வைத்து, திரும்பி வந்ததும் சுழற்றிப் பிரித்து, உறைய வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. மூதூர் இரத்தம் எல்லாம் சோதிக்கக் கொழும்புக்கு ஒரே தொகுதியாகப் போகும். தனித்தனியாக அனுப்பினால் இயந்திரத்தின் அன்றாட ஏற்ற இறக்கமும் கணக்கில் கலந்துவிடும்.

எல்லோருக்கும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் பார்க்கிறோம். சி.டி.எக்ஸை வெளியேற்றுவது சிறுநீரகம். அது தளர்ந்தால் எலும்பில் எதுவும் நடக்காமலே எண் ஏறி நிற்கும். எங்கள் மாவட்டத்தில் பதவிசிறிபுரப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோய் எவ்வளவு பேரை வாட்டுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பார்க்காமல் எலும்பைப் பற்றி ஒரு வரி எழுத எனக்கு மனம் வராது.

மணிக்கட்டு முறிந்த அந்த அம்மாவை இப்போதைக்கு விட்டுவிட்டோம். முறிந்த எலும்பு பொருந்தும் காலத்தில் இரண்டு எண்களும் மாதக்கணக்கில் உயர்ந்தே இருக்கும். ஒரு வருடம் கழியட்டும்.

மார்ச் 4

நோன்பு தொடங்கிவிட்டது. கிண்ணியாவில் ஒரு உம்மா சொன்னா: "நோன்புதானே மகள், வயிறு வெறுமைதான். இப்பவே எடுங்களேன்." அன்பாகச் சொன்னா. ஆனால் விடியுமுன் உண்ணும் ஸஹர் சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் கூட ஆகவில்லை. இரவுத் தூக்கமும் இந்த மாதம் முழுக்கக் குழம்பியிருக்கும். பிற்பகலில் வயிறு உண்மையாகவே வெறுமையாக இருக்கும், ஆனால் அது சி.டி.எக்ஸ் தாழ்ந்திருக்கும் நேரம். பெருநாள் முடிந்து எல்லோரும் வழமைக்குத் திரும்பிய பிறகு வருகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தோம். நோன்போடு இருப்பவரின் கையில் ஊசி குத்தாமல் வந்ததில் எனக்கும் நிம்மதி.

திட்டத்தின் கால அட்டவணை ஒரு மாதம் தள்ளிப் போகிறது. போகட்டும்.

மார்ச் 8

திருக்கடலூர். ஐம்பது தாண்டிய ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்று தொடக்கத்திலிருந்தே பிடிவாதமாக நின்றேன். எலும்பு நலிந்து போகும் ஒஸ்டியோபொரோசிஸ் என்றாலே பெண்களின் நோய் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஆண்களுக்கும் இடுப்பெலும்பு முறிகிறது. முறிந்த பிறகு பெண்களை விட ஆண்களே கூடுதலாக இறக்கிறார்கள்.

ஆனால் இவர்களுடைய நாள் வேறு. இரவில் கடல், விடிய மீன், பகலில் தூக்கம். நடுச்சாமத்துக்குப் பிறகு படகிலேயே சோறு. ஒரு ஐயா கேட்டார்: "சோறு தின்னாமல் வலை இழுக்கேலுமா தங்கச்சி?" ஏலாதுதான். விடிகாலை ஏழரை என்ற என் விதி, இரவில் தூங்கிக் காலையில் எழும்பும் ஒருவரை நினைத்து எழுதப்பட்டது. இவர்களுக்கு அந்த நேரம் ஒரு நாளின் முடிவு.

வழி சொன்னவரும் அதே ஐயாதான். நிலாக் காலத்தில் வலை வெளிச்சத்தில் தெரியும், மீன் படாது, அந்த நாட்களில் பலர் இரவில் வீட்டில்தான் என்றார். பௌர்ணமி அடுத்த வாரம். ஒரு சில இரவுத் தூக்கத்தில் உடற்கடிகாரம் முழுதாகத் திரும்பிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். அதனால் இந்தக் குழுவுக்கு பி1என்பிதான் முதன்மை எண். அது நேரத்துக்கும் சாப்பாட்டுக்கும் அவ்வளவு அசையாது. சி.டி.எக்ஸ் பக்கத்தில் நிற்கட்டும், கடைசியாக எந்த இரவு கடலுக்குப் போனார் என்ற குறிப்போடு.

மார்ச் 15

நிலாக் காலத்து இரத்தம் எடுத்தாயிற்று. எதிர்பார்த்ததை விடக் கூடுதலான பேர் வந்தார்கள். ஐயா வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 27

பாலையூற்றில் ஒரு அக்கா. இரண்டு முழங்காலும் தேய்ந்து, குந்தி எழும்ப முடியாத நிலை. எங்கள் ஆய்வில் இல்லாதவர், நாங்கள் பக்கத்து வீட்டுக்கு வந்ததைப் பார்த்துக் கூப்பிட்டார். "என்ர கால் இன்னும் மோசமாகுமா எண்டு இரத்தத்தில பார்த்துச் சொல்லேலாதா?"

நான் இந்தத் துறைக்கு வந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். இன்றைக்கு உள்ள பதில்: முடியாது. குருத்தெலும்பு தேயும்போது சிறுநீரில் இறங்கும் சி.டி.எக்ஸ்-இரண்டு இருக்கிறது, இரத்தத்தில் கொம்ப் என்ற புரதம் இருக்கிறது. பெருந்தொகையான நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தால் இவை கூடியவர்களுக்குத் தேய்மானமும் கூடுதலாக இருக்கிறது. ஆனால் எதிரே இருக்கும் ஒரு அக்காவின் முழங்காலைப் பற்றி அவை உறுதியாக எதையும் சொல்வதில்லை. கையில் இருக்கும் ஒவ்வொரு சின்ன மூட்டும் முதுகுத்தண்டும் அதே இரத்தத்தில்தான் கலக்கின்றன. எது முழங்காலிலிருந்து வந்தது என்று எப்படிப் பிரிப்பது?

முடக்குவாதத்தில் கதை வேறு. 2000இல் விவரிக்கப்பட்ட ஆன்டி-சிசிபி என்ற இரத்தச் சோதனை 2010இல் நோயை வகைப்படுத்தும் அளவுகோலுக்குள்ளேயே வந்துவிட்டது. மூட்டு வீங்குவதற்குச் சில வருடங்கள் முன்பே அது இரத்தத்தில் தென்படலாம். சிக்குன்குன்யா வந்துபோன பிறகு மாதக்கணக்காக மூட்டு நோவோடு வருபவர்களிடம் இது முடக்குவாதமா என்று பிரித்தறிய அது எவ்வளவு உதவுகிறது! தேய்மானத்துக்கும் அப்படியொன்று வர வேண்டும். வரும் வரைக்கும், இருப்பதுபோல் காட்டிக் காசு வாங்கும் பெரிய பெரிய பரிசோதனைப் பொதிகளை எங்கள் சனத்துக்கு யாரும் விற்கக் கூடாது.

அக்காவுக்குத் தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி காட்டிக் கொடுத்தேன். கதிரையில் இருந்து காலை நீட்டிப் பிடிப்பது. நிறையைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன். இன்றைக்கு எந்த இரத்தப் பரிசோதனையை விடவும் அதுதான் அவருக்குப் பயன்.

ஏப்ரல் 22

கிண்ணியாவும் முடிந்தது. அந்த உம்மாதான் முதலாவதாக வந்து கையை நீட்டினா.

மூதூர்த் தொகுதியின் எண்கள் வந்துவிட்டன. இப்போது வாக்குவாதம், வீடுகளுக்குக் கொடுக்கும் தாளில் என்ன எழுதுவது என்பதில். குழுவில் சிலர் பக்கத்தில் இயல்பு அளவு போடலாம் என்கிறார்கள். அந்த இயல்பு அளவு எங்கள் பெண்களிடம் எடுத்ததல்ல. வேறு வெயில், வேறு சாப்பாடு, வேறு உடம்பு. எங்கள் பெண்களிடையே விட்டமின் டி குறைவு மிகவும் பொதுவானது, அதுவே எண்ணை மாற்றும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தாளில் எண் இருக்கும், இரத்தம் எடுத்த நேரம் இருக்கும், கிரியேட்டினின் இருக்கும். கீழே தமிழில் இரண்டு வரி: இது நோயைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை அல்ல; மருந்து தொடங்கினால் மூன்று மாதத்தில் திரும்ப எடுத்து, இந்த எண்ணோடு ஒப்பிடலாம். எலும்பு அடர்த்தி ஸ்கேனில் மாற்றம் தெரிய ஒன்றிரண்டு வருடம் ஆகும். அவ்வளவு காலம் காத்திருக்காமல் மருந்து வேலை செய்கிறதா என்று அறிவது, இந்த எண்ணால் ஒரு தனி மனுசிக்கு உண்மையாகவே கிடைக்கும் நன்மை.

எண் மிகவும் கூடிய சிலருக்குக் கல்சியம், விட்டமின் டி, தைரொயிட் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிவிட்டேன். தாள்களைத் தபாலில் போடாமல் கொண்டுபோய்க் கொடுப்போம் என்று மிஸ்ஸி சொல்லுறா. வரும் கிழமை மூதூர்.