அப்பர்: ஷூவில் நான் முதலில் பார்க்கும் இடம்

ஓட்டத்துக்கு ஷூ வாங்கப் போனால் பலரும் அடிப்பாகத்தைத்தான் அழுத்திப் பார்க்கிறார்கள். என் கண் போவது மேல்பாகத்துக்கு. தொழிலில் அதை அப்பர் என்போம்.

வழக்கமான முறையில் தோலையோ துணியையோ துண்டு துண்டாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைக்க வேண்டும். ஒவ்வொரு தையலுக்கும் ஆள் வேண்டும், எடையும் கூடும். கால் உரசுவதும் பெரும்பாலும் அங்கேதான். வெட்டியதில் மிச்சம் விழுவது குப்பைக்குப் போகும். 2012-இல் நைக்கி நிறுவனம் ஃப்ளைநிட் என்ற பின்னல் முறையைக் கொண்டுவந்தபோது அந்தக் கணக்கே மாறியது. பாலியஸ்டர் நூலை வைத்து இயந்திரமே அப்பரை ஏறக்குறைய ஒரே துண்டாகப் பின்னித் தந்துவிடுகிறது. அப்படி வந்த ஃப்ளைநிட் ரேசர் என்ற ஓட்ட ஷூ 9 அளவில் ஒன்று 160 கிராம். அதில் அப்பர் வெறும் 34 கிராம்!

பின்னல் அப்பர் ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். கால் விரல்களுக்கு மேலே பொடிப்பொடி ஓட்டைகள் தெரியும். லேஸ் பக்கம் வரவரப் பின்னல் நெருங்கி இறுகும். குதிகாலில் உருகும் நூலைச் சேர்த்துப் பின்னிச் சூடு காட்டினால் அந்த இடம் மட்டும் விறைத்து நிற்கும்.

சரி, உழைக்குமா? பெருவிரல் நகம் இடிக்கும் இடம்தான் பெரும்பாலும் முதலில் கிழியும். அங்கே டிபியு என்ற வளையும் பிளாஸ்டிக்கின் மெல்லிய படலத்தைச் சூட்டில் ஒட்டினால் போதும், எடை பெரிதாகக் கூடாது. சிலர் அதையே அப்பர் முழுக்க ஒட்டிவிடுகிறார்கள். எனக்குக் கோபம்தான் வரும். காற்றுப் போகும் வழியை அடைத்துவிட்டால் அப்புறம் பின்னல் எதற்கு?